இடது காலோடு ஆவடிக்கு

தூத்துக்குடியில் பெட்டியை மூடும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் துணிக்கு ஒரு மூலை. மீதி இடம் முழுக்க மக்ரூன் பொட்டலங்கள். பதினொன்று. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டினேன்.

போன வருடம் சென்னையில் எனக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது பார்க்க வந்தவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், முழங்கால் போட்டு ஜெபித்தவர்கள் எல்லாரையும் என் மனைவி செல்வராணி மறக்காமல் மனதில் வைத்திருந்தாள். அத்தனை பேரும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கிறவர்கள். மறுபரிசோதனைக்கு எப்படியும் போகிறோம், அப்படியே வீடு வீடாகப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றாள். எங்கள் ஜனங்களிடம் இது கட்டாயம். நோயில் கிடந்தவன் எழுந்து நடமாடினால், பார்க்க வந்தவர்களின் வாசலை ஒரு தடவையாவது மிதிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் பிழைத்த திமிர் என்பார்கள்.

நன்றி சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யாருக்கு என்பதில்தான் தகராறு. என் இதயத்துக்குப் போகிற குழாய்கள் மூன்று அடைத்துக்கொண்டன. மருத்துவர்கள் என் இடது காலைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கீறி, அதிலிருந்து ஒரு ரத்தக் குழாயை உருவி, துண்டுகளாக வெட்டி நெஞ்சில் வைத்துத் தைத்தார்கள். கால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லவில்லை. தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டுச் சில மாதம் வீங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். பதினொரு பொட்டலத்தில் அதற்கு ஒன்று உண்டா? கிடையாது.

துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற குமாஸ்தாவாகவே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு, ஐந்தாவது மூட்டைக்குக் குறுக்குக் கோடு. எது விடுபட்டிருக்கிறது என்பது எனக்குத் தூரத்திலேயே கண்ணில் உறுத்தும்.

சிகிச்சை முடிந்து கொஞ்ச காலம் நடந்தேன். பிறகு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மெதுவாக ஓட ஆரம்பித்தேன். எழுபத்தொரு வயதில் நான் ஓடுவதை ஓட்டம் என்று சொல்ல மற்றவர்களுக்கு மனசு வராது. வேகமாக நடக்கிற ஒரு பையன் என்னைத் தாண்டிப் போய்விடுவான். மருத்துவர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: ஓடும்போது வாய்விட்டுப் பேச முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் உடனே நடைக்கு வந்துவிட வேண்டும். தனியாக ஓடுகிறவன் யாரிடம் பேசுவது? ஆகவே எதிரில் வருவதையெல்லாம் சத்தமாக எண்ணிக்கொண்டு ஓடுவேன். எங்கள் தெருவில் எனக்குப் பைத்தியம் என்று பெயர் வந்து பல மாதமாகிறது.

திங்கட்கிழமை மகள் ஜெபாவின் வீட்டில் இறங்கினோம். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் நாலாவது மாடி. எனக்காகக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தாள். சுவரில் புதிதாக ஒரு கைப்பிடி. “மெதுவாப்பா” என்ற சொல்லை மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினான்கு தடவை சொன்னாள். தண்ணீர் குடிக்கும்போதுகூட மெதுவாகக் குடிக்கச் சொன்னாள். மதியம் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சியும் வேகவைத்த பீன்ஸும் வந்தன. மருத்துவர் உப்பைக் குறைக்கத்தான் சொன்னார், ஒழிக்கச் சொல்லவில்லை.

மருமகன் கரூர்க்காரர், கணினிக் கம்பெனியில் வேலை. நல்ல மனிதர். வீட்டின் ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருப்பார். நான் ஓடுவது தெரிந்ததும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். அது இதயத் துடிப்பை எண்ணுமாம். எண்ணிக்கொள்ள எனக்கு வாய் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஜெபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

செவ்வாய் விடியற்காலை கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினேன். கீழே காவலுக்கு இருந்தவர் ஒடிசாக்காரர். ஷூவைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியதும் அவர் இந்தியில் ஏதோ கேட்டபடி பின்னாலேயே வந்தார். துறைமுகத்தில் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டி நான் கற்ற இந்தியில் புரிந்துகொண்டது இவ்வளவு: “பெரியவரே, யாராவது துரத்துகிறார்களா? நான் வரட்டுமா?” அந்த ஊரில் என்னிடம் அக்கறையாகக் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான்.

ஏரிக்கரையில் நடைபாதை நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். அதில் நடப்பவர்கள்தான் சரியில்லை. நான்கு பேர் கைகோத்தது போல வரிசையாக வருகிறார்கள். மணி அடித்தாலும் விலக மாட்டார்கள். என்னிடம் மணியும் இல்லை. ஒருவர் சட்டைப் பையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஊருக்கே பாட்டுப் போட்டார். இன்னொருவர் அதைவிடச் சத்தமாக வீட்டு மனை விலை பேசினார். எங்கள் ஊர்க் கடற்கரையில் காலையில் காக்கைகள்கூட இதைவிட அடக்கமாக இருக்கும். நாய்களை எண்ணினேன். முதல் சுற்றில் ஒன்பது. இரண்டாவது சுற்றில் எட்டு. ஒன்று என்னோடு ஓடி வந்துவிட்டது.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் சில நிமிடங்கள் இடது கால் இரும்பு மாதிரி இருக்கும். கீறிய தழும்பு இழுக்கும். பிறகு அது சூடாகும். சூடான பிறகு அந்தக் கால் தரையைத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் இருக்கும் அதன் துண்டு பதில் சொல்வதுபோல எனக்குத் தோன்றும். மருத்துவத்துக்கு இது ஒத்துவராது என்பது தெரியும். கீழே கால், மேலே அதே கால், நடுவில் நான். மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது. யாரும் அதற்குக் குழாய் செருகவில்லை, திரையில் கோடு போடவில்லை. ஏரித் தண்ணீரில் நாரைகள் நிற்கின்றன. அவற்றையும் எண்ணுகிறேன், எண்ண முடிகிறது. இருமினால் நெஞ்செலும்பு பிளந்துவிடும் என்று தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமியவன் நான். அந்த உடம்பு இப்போது இதைச் செய்கிறது. அந்த நேரத்தில் எனக்கு வருகிற நன்றிக்கு முன்னால், வீடு வீடாகப் பொட்டலம் கொடுப்பது வெறும் கூரியர் வேலை.

திரும்பும்போது வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை நிறுத்தினார். “இன்னா நைனா, வாய்ல கணக்கு சொல்லிகினே ஓடுற? ஊட்ல எதுனா சண்டையா?” இன்னும் இல்லை, இன்றைக்குள் வந்துவிடும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை எங்கள் ஊர்த் தமிழில் பெயர்த்தால், அப்படியானால் வண்டியில் ஏறு, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று பொருள்.

அன்றைக்கே மறுபரிசோதனை. என்னை ஒரு ஓடும் பட்டையின் மேல் ஏற்றி, நெஞ்சு முழுக்க ஒயரை ஒட்டி, போதும் என்று அவர்களே சொல்கிறவரை நடக்கவைத்தார்கள். மருத்துவர் சின்ன வயதுப் பெண். தாளைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இப்படியே தொடருங்கள் என்றார். செல்வராணி முன்னால் வந்து, ஓடலாமா என்று கேட்டாள். தாராளமாக ஓடலாம், மெதுவாக ஓடலாம் என்றார் மருத்துவர். செல்வராணி சரி என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன். அதற்காகவும் இப்போது எனக்குக் கோபம்.

புதன்கிழமை மண்ணூர்பேட்டைக்குக் கிளம்பினோம். செல்வராணியின் தம்பி தங்கராஜ் அங்கே தொழிற்பேட்டைக்குள் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர், ஓட்டுநர் தனி. அம்பத்தூர் எட்டும் முன்னே வண்டி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அதை இரண்டு தடவை திட்டினார், ஒரு தடவை உதைத்தார். பிறகு எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார். நானும் இறங்கினேன். செல்வராணி என் சட்டையைப் பிடித்து இழுத்து, இவருக்கு நெஞ்சு ஆபரேஷன் என்று அந்தச் சாலைக்கே அறிவித்தாள். ஓட்டுநர் பதறிவிட்டார். “பெருசு, நீ குந்து. உன்க்கு எதுனா ஆய்ட்ச்சின்னா நான் இன்னா பண்றது?”

ஆகவே நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண், இரண்டு கல்லூரி மாணவர்கள், கையில் டிபன் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள், இவர்கள் எல்லாரும் தள்ள, சப்பரத்தில் வைத்த சொரூபம் மாதிரி நான் நகர்ந்து போனேன். முந்தின நாள்தான் ஓடும் பட்டையில் நடந்து காட்டியவன். அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவாக இருக்கும். வண்டி கிளம்பி எல்லாரும் ஏறிக்கொண்ட பிறகு அவர் என்னைப் பார்த்து, “ஒடம்ப பாத்துக்கோங்க அய்யா” என்றார்.

தங்கராஜ் எனக்கு ஒரு யூனிட் ரத்தம் கொடுத்தவர். நாங்கள் செருப்பைக் கழற்றும்போது அதைச் சொன்னார். மக்ரூன் பொட்டலத்தை வாங்கும்போது சொன்னார். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் நன்றி சொன்னேன். அவர் முன்னாலும் செல்வராணி முன்னாலும் வஞ்சிரம் குழம்பு. எனக்குப் புழுங்கலரிசிக் கஞ்சியும் துவையலும். மீன் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றேன். “அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க அத்தான்” என்றார் தங்கராஜ். பிறகு இதே ஆபரேஷன் செய்துகொண்டு செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். குழம்பு தீர்வதற்குள் மூன்று பேர். மூன்றாமவர் நல்லபடியாக வீட்டுக்கு வந்து, ஒரு வருடம் கழித்து, காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாராம்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களும் இப்படித்தான். ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, கட்டிலின் அருகே உட்கார்ந்து, யார் யார் எப்படிப் போனார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஆறுதல் என்று பெயர்.

கடைசியில், “உங்களுக்காகத் தினமும் ஜெபத்துல இருக்கோம் அத்தான்” என்றார். அதற்கும் நன்றி சொன்னேன். ஆபரேஷன்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சிரமம் என்றும் கேட்டேன்.

“ஆபரேஷனுக்கு இல்லல்லா. நீங்க ஓடுறது நிக்கணும்னு. எஸ்தர் அக்கா சங்கிலில போட்டிருக்காங்க. விடியக்காலை முறை எங்களுக்கு. நானும் இவளும் முழங்கால் போட்டிருவோம்.”

சங்கிலி என்றால் ஜெபச் சங்கிலி. ஒரு வீட்டார் அரை மணி நேரம் ஜெபித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்கு போன் போடுவார்கள், அவர்கள் தொடர்வார்கள். இப்படி முப்பது வீடுகள். இதை நடத்துவது செல்வராணியின் மூத்த அக்காள் எஸ்தர், எனக்கு மைனி. விடியற்காலையில் ஊரில் நான் ஓட இறங்குகிற அதே நேரத்தில், மண்ணூர்பேட்டையில் தங்கராஜும் அவர் மனைவியும் மண்டியிட்டு எனக்குப் பிரேக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பல மாதமாக. முப்பது வீடு. நான் பொட்டலத்தோடு நன்றி சொல்லப் போகிற பதினொரு வீடும் அதற்குள் அடக்கம். நான் ஏறுகிற படியெல்லாம் எனக்கு எதிராக ஜெபித்தவர்களின் படி. இதற்காக ஜெபியுங்கள் என்று குறிப்பு கொடுத்தது யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. செல்வராணி தட்டில் இருந்த முள்ளை ரொம்பக் கவனமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது கேட்டேன். மருத்துவரே சொன்ன பிறகும் ஏன் என்று கேட்டேன். “பிழைச்சது போதாதா?” என்றாள். அன்று இரவு கோபத்தோடுதான் படுத்தேன்.

வியாழக்கிழமை விடியலில் அந்தக் கோபத்தோடு ஓடினேன். முப்பது வீட்டையும் மிதிக்கிறவனைப் போல ஓடினேன். நாய்களை எண்ணிக்கொண்டு வந்தவன் ஆறாவது நாயில் சொல் வராமல் நின்றுவிட்டேன். நெஞ்சு வலிக்கவில்லை, மூச்சுதான் எட்டவில்லை. உடம்பு சண்டை போடவில்லை, பயமுறுத்தவும் இல்லை. இதற்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னது. நடைக்கு வந்தேன். கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சட்டைக்குள் துடிப்பு தானாக இறங்கி வருவதைக் கவனித்தேன். இத்தனை பேர் எனக்கு நல்லது சொல்ல அலைகிறார்கள். இந்த உடம்பு மட்டும்தான் எதைச் சொல்ல வேண்டுமோ அதை, எப்போது சொல்ல வேண்டுமோ அப்போது, ஒரே ஒரு தடவை சொல்கிறது. செத்துப்போன மூன்று பேரைத் துணைக்கு அழைக்காமல் சொல்கிறது. அங்கே நின்று அதற்கு நன்றி சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். நடந்துகொண்டிருந்த நால்வர் வரிசை முதல் தடவையாக எனக்கு வழிவிட்டது.

அன்று பிற்பகல் எஸ்தர் மைனி வீடு. ஐயப்பன்தாங்கலில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால். போரூர்ப் பக்கமெல்லாம் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்து வைத்திருக்கிறார்கள். பேருந்து நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. இருபத்திரண்டு ஜோடி. நன்றி சொல்லப் போன வீட்டில் எனக்காக ஸ்தோத்திரக் கூட்டம், அதாவது ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஜெபம், ஏற்பாடாகியிருந்தது.

என்னை இப்போது தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் எஸ்தர் மைனிதான். நல்ல உயரம், நல்ல குரல். நடுவில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். பாட்டுப் பாடினார்கள். ஒரு சங்கீதம் வாசித்தார்கள். பிறகு சுற்றி நின்று என் தலையிலும் தோளிலும் கைகளை வைத்தார்கள். ஒரு அம்மாள் இடம் கிடைக்காமல் என் காதில் வைத்தார். மைனி ஜெபிக்க ஆரம்பித்தார். மருத்துவர்களின் கைகளுக்காக ஸ்தோத்திரம். ரத்தம் கொடுத்த தம்பிக்காக ஸ்தோத்திரம். வீட்டுக் கடன் நெருக்கடியிலும் விடுப்பு எடுத்துக் கவனித்துக்கொண்ட பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம். எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னேன், மனதோடு சொன்னேன். இவர்கள் இல்லாமல் நான் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அதற்குப் பிறகு மைனியின் குரல் மாறியது. இந்தச் சகோதரனுடைய பிடிவாதம் உடைய வேண்டும், ஓடுகிற சிந்தை இன்றோடு இவரை விட்டு நீங்க வேண்டும், இவர் கால்கள் கட்டப்பட வேண்டும் என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. மைனி அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லி நிறுத்தினார். தலைமேல் இருந்த கைகள் கனத்தன.

“ஆமென் சொல்லுங்க தம்பி.”

வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்களுக்கு அப்படி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கைவைத்து ஏறெடுத்த ஜெபத்துக்கு ஆமென் சொன்னால் அது கையெழுத்து. நான் அதைச் சொல்லிவிட்டு மறுநாள் ஏரிக்கரையில் ஓட முடியாது. சொல்லிவிட்டு மீறுகிற ஆளும் நான் இல்லை. செல்வராணி என் வலது தோளில் கை வைத்திருந்தாள். அவள் விரல்கள் எனக்குத் தெரியும்.

“மைனி, எங்கிட்டயும் ஒரு ஸ்தோத்திரம் இருக்கு. அதைச் சொல்லிக்கிடுதேன்” என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. “ஆண்டவரே, இந்த இடது காலுக்காக உமக்கு ஸ்தோத்திரம். யாரும் கேக்காமலே இது தன்னுடையதைக் குடுத்துச்சு. இதைக் கட்டச் சொல்லி இங்க கேக்காங்க. நான் கேக்கல. ஓடுறதுக்கு நீரே இதை எழுப்பிவிட்டீரு. நிறுத்தணும்னா நீரே நிறுத்தும். ஆமென்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒவ்வொரு கையாக என்னை விட்டு இறங்கியது. கடைசியாக இறங்கியது வலது தோளில் இருந்த கை.

மைனி சாப்பிட வாருங்கள் என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு வந்த தட்டில் வெறும் இட்லி. மற்றவர்களுக்குக் கோழி பிரியாணி. இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு எழுந்தேன். செல்வராணி பிரியாணியைத் தொடவே இல்லை. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தோம். படியில் இறங்கும்போது உள்ளே ஒரு குரல், ஆனாலும் இவ்வளவு ஆங்காரம் ஆகாது என்றது. ஆங்காரம்தான். மறுக்கவில்லை.

பூந்தமல்லியில் இறங்கி ஆவடிப் பேருந்துக்கு நின்றோம். ஒரு பேருந்து வந்தது. செல்வராணி ஏறவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தில்தான் ஏறுவாள். மற்றதில் ஏறினால் பாவம் என்று நினைக்கிறாள். இன்னொன்றும் போனது. என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவையும் செய்தாள். ஆவடி போகிற கூட்டம் முழுவதும் எங்களைச் சுற்றி நின்று வியர்த்தது.

மூன்றாவதாக அவள் பேருந்து வந்தது. வந்தது நிறுத்தத்தில் நிற்கவில்லை. எங்களைத் தாண்டி, பழக்கடைகளைத் தாண்டி, தூரத்தில் போய் லேசாக வேகத்தைக் குறைத்தது. இந்த ஊரில் நிறுத்தம் என்பது பேருந்து நிற்காத இடம். கூட்டம் ஓடியது.

“ஓடுங்க” என்றாள் செல்வராணி. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். “என்னப் பாத்துக்கிட்டு நிக்கீங்க, ஓடுங்க. ஓடிப் போய்ப் பிடிங்க, நான் வாரேன்.”

ஓடினேன். செருப்புக் காலோடு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கொய்யாப்பழக் கூடைகளைத் தாண்டி ஓடினேன். பள்ளத்தில் வலது கால் மடங்கியபோது இடது கால் தாங்கிக்கொண்டது. பேருந்து நகரத் தொடங்கும்போது கம்பியைப் பிடித்துப் படியில் ஏறி, பக்கவாட்டுத் தகரத்தை ஓங்கித் தட்டினேன். நடத்துநர் சினந்துகொண்டார். “யோவ் பெருசு, இந்த வயசுல இன்னா ஓட்டம் ஓடியாற? வுழுந்தா யாரு பதில் சொல்றது?” பின்னால் ஒரு அம்மா வருகிறார், அவர் ஏறாமல் வண்டி போகாது என்றேன். நான் சொன்ன விதத்தில் விசில் அவர் வாயிலேயே நின்றுவிட்டது. செல்வராணி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்து சேர்ந்தாள். கையைக் கொடுத்துத் தூக்கினேன்.

உட்கார இடம் கிடைத்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு வாங்கவில்லை. சிரிக்க வேண்டும் போல இருந்தது. வாய்வரை வந்த சொற்களை எல்லாம் நான் இங்கே எழுதினால் நாகரிகமாக இருக்காது. முப்பது வீட்டு ஜெபத்தை ஒரு இலவசப் பேருந்து தோற்கடித்துவிட்டது என்பது அதில் ஒன்று. ஆனால் அவள் மூச்சு சீராவதற்கு முன்பே என் சட்டைப் பொத்தானுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்தாள். துடிப்பைப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. திருவேற்காட்டுத் திருப்பம் தாண்டும்வரை எடுக்கவில்லை.

“நீங்க மயக்கத்துல கிடந்தீங்க” என்றாள், சன்னலைப் பார்த்துக்கொண்டு. “உங்களுக்கு அது ஒரு தூக்கம். நான் வெளிய முழிச்சிக்கிட்டுல்லா இருந்தேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பமும் அப்படித்தான். நீங்க கதவைச் சாத்துற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நினைக்கீங்க. திரும்ப லிஃப்ட் சத்தம் கேக்குறவரைக்கும் அசையாம கிடக்கேன்.”

அப்படியென்றால் சங்கிலியிலிருந்து அந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொல் என்றேன். என் குரலில் கோபம் குறையவில்லை. குறைந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

“அது எடுக்க மாட்டேன். அது நடக்கட்டும்.” சன்னலிலிருந்து என் பக்கம் திரும்பி, “நாளைக்கு இறங்கும்போது என்னையும் எழுப்புங்க” என்றாள். “படுத்துக்கிட்டுப் பயப்பட முடியல. ஏரிக்கரையில வந்து உக்காந்து பயப்படுதேன்.”

பருத்திப்பட்டு நிறுத்தத்திலும் பேருந்து தள்ளித்தான் நின்றது. இறங்கி நடந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெபா, “மெதுவாப்பா” என்றாள். பயந்துகொண்டு ஒருத்தி கரையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனிதன் எப்படி நிம்மதியாக ஓடுவது? ஜெபமும் நடக்குமாம், ஓட்டமும் நடக்குமாம். இதில் எதற்குக் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதுவே ஒரு தனிக் கோபமாக இருந்தது. எழுப்பக் கூடாது என்றுதான் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன், ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய் அவள் தோளைத் தொட்டேன். அவள் ஏற்கெனவே புடவை மாற்றிவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.